குயிக்மேப்: அப்பல்லோ ஐயங்களுக்கு ஒரு நிலா வரைபடம்

மனிதர் நிலாவில் இறங்கியது உண்மையா என்று வாதிடும் இரு தரப்பினருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேமரா குழு கட்டணமின்றி வழங்கும் குயிக்மேப் வரைபடச் சேவையைத்தான். 2009-இல் ஏவப்பட்டு நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலத்தில் இந்தக் குழு இயக்கும் கேமராவின் படங்களே இதன் அடிப்படை.

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இறங்கிய டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால், இறங்குகலத்தின் அடிப்பகுதியும் அதன் நிழலும், அங்கிருந்து விலகிச் செல்லும் ஊர்தியின் இணைகோட்டுத் தடங்களும், விண்வெளி வீரர்கள் செர்னானும் ஷ்மிட்டும் நடந்து நடந்து மண் கறுத்துப்போன பாதைகளும் புலப்படுகின்றன. சூரியன் வெவ்வேறு கோணங்களில் நின்றபோது எடுத்த படங்களை ஒப்பிட்டால், கொடியின் நிழல்கூட இடம் மாறுவதைக் காணலாம். காற்றில்லாத நிலாவில் கொடி அசைந்தது என்பதையே, இறங்கியது பொய் என்பதற்குப் பெரிய ஆதாரமாகச் சொல்வோர் இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வழக்கமான படங்களில் ஒரு புள்ளி நிலாத் தரையில் ஏறத்தாழ அரை மீட்டர் என்பதால், தனித்தனிக் காலடிச் சுவடுகளை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். நாசாவுக்கு நாசாவின் கலமே சாட்சியா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அப்பல்லோ 11 இறங்கிய இடத்தை இந்தியாவின் சந்திரயான்-2 தனியாகவே படமெடுத்திருக்கிறது. அந்தப் படத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்ப்பது நல்லது.