புல்லியில் இருந்த வெள்ளைக்கோடு: பழைய கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பழைய டட்சன் என்று பொயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கருவி) உள்ள வாகனங்களைக் கொழும்பில் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பார்க்கவென்று என் மொரிஸ் மைனரை ஒரு கராஜில் விட்டு, 68,500 ரூபா கொடுத்து, விட்டபோது இருந்ததைவிட மோசமான நிலையில் அதைத் திருப்பி எடுத்துவந்தேன். முறைப்பாடு செய்திருப்பதால் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றும் விடாமல் சொல்கிறேன், காரணம் அது என் முதுகுக்குப் பின்னால் நடக்கவில்லை. என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லி, என்னையே சாட்சியாக வைத்துக்கொண்டு செய்தார்கள்.

வாகனம் 1098 சீ.சீ. என்ஜின் உள்ள மைனர், அப்பா ஓட்டியது. 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் கிடைத்த காலத்திலிருந்து, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எத்தனை லீற்றர் அடித்தேன் என்று ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். தட்டுப்பாடு போய்விட்டது, எழுதும் பழக்கம் போகவில்லை. அந்தக் கொப்பியின்படி லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடிய வாகனம் சில மாதங்களாகப் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. காலையில் இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டியிருந்தது. முன்பு டொப் கியரில் ஏறிய தெஹிவளை மேம்பாலத்தில் பாதியிலேயே மூன்றாம் கியருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இவ்வளவுதான் குறை. பொயின்ட் தேய்ந்திருக்கும், டைமிங்கை ஒருமுறை பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, தெரிந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு மருதானைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

முதல்நாள் வாகனத்தை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுநாள் போனபோது வாகனம் குழிக்கு மேல் நின்றது. மைனரில் கிராங் புல்லிக்கு (என்ஜினின் பிரதான தண்டான கிராங்கின் முன்முனையில் சுற்றும் சக்கரம்) எதிரே இருக்கும் டைமிங் கூர்முனைகள் என்ஜினின் அடிப்பக்கத்தில் இருப்பதால், அவற்றைப் பார்க்கக் குழிக்குள் இறங்க வேண்டும், இல்லையென்றால் நிலத்தில் படுக்க வேண்டும். மூன்று கூர்முனைகளில் நீளமானது பிஸ்டன் மேலே முட்டி நிற்கும் இடத்தையும், மற்ற இரண்டும் அதற்கு முன் 5 பாகையையும் 10 பாகையையும் காட்டும். புல்லியின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் உண்டு. முதலாவது பிளக்கில் பொறி விழும் கணத்தில் அந்தப் பள்ளம் எந்தக் கூர்முனைக்கு நேரே நிற்கிறதோ, அதுதான் டைமிங். பள்ளம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதில் வெள்ளைப் பெயின்ட் தடவுவது எல்லாக் கராஜ்களிலும் வழக்கம். எனவே அந்த வெள்ளைக்கோட்டைக் கண்டபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

முதலாளி, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை என் கையிலேயே தந்தார். “ஐயா, நீங்களே அடிச்சுப் பாருங்க” என்றார். ஒளி விழும்போதெல்லாம் அந்த வெள்ளைக்கோடு 10 பாகைக் கூர்முனையையும் தாண்டி அப்பால் நின்றது. “பார்த்தீங்களா, எவ்வளவு முன்னுக்குப் போயிட்டு? டைமிங் செயின் லூஸ். டிஸ்ட்ரிபியூட்டரும் ஆடுது. இப்படியே ஓடினா பிஸ்டன் ஓட்டையாகும்.” பொறி அளவுக்கு மீறி முந்தினால் பிஸ்டனின் தலை கருகும் என்பது உண்மைதான், எனக்கும் அது தெரியும். பாதி தெரிந்தவனை ஏமாற்றுவது ஒன்றும் தெரியாதவனை ஏமாற்றுவதைவிடச் சுலபம் போலிருக்கிறது. செய்யுங்கள் என்றேன். நான்காம் நாள் போனபோது மீண்டும் லைட்டைக் கையில் தந்தார்கள். கோடு நீளக் கூர்முனைக்குச் சற்று முன்னே, கைநூல் சொல்லும் 3 பாகையில், அசையாமல் நின்றது. பணத்தைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் “என்ஜின் வேலை” என்ற ஒரே வரியும் தொகையும் மட்டும் இருந்தன. செயினுக்கு 14,500, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 32,000, கூலி 22,000 என்று வாயால்தான் சொன்னார்கள்.

காலி வீதியில் பம்பலப்பிட்டி வருவதற்குள் வெப்பம் ஏறத் தொடங்கியது. அக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் நிறுத்திப் பொனற்றைத் திறந்தபோது சைலன்சர் பக்கத்துச் சூடு முகத்தில் அறைந்தது. ஐட்லிங் மட்டும் நன்றாக இருந்தது. கார்பரேட்டர் திருகைத் திருகி அதைக் கூட்டி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வாரக் கணக்கு லீற்றருக்கு எட்டரைக் கிலோமீற்றர். கராஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். புதுச் செயின் பழக வேண்டும், ஐந்நூறு கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள் என்றார்கள்.

எங்கள் ஒழுங்கையில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வெரஹெர வேலைத்தளத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணை இருக்கிறார். வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். அவர் லைட்டைத் தொடவே இல்லை. நிலத்தில் காட்போட் மட்டையை விரித்துப் படுத்து, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, உந்தக் கோட்டை ஆர் போட்டது?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றச் சொன்னார். உள்ளிருக்கும் பீங்கானை எடுத்துவிட்டு நடுவே ஒரு போல்ற்றைப் பற்றவைத்த பழைய பிளக் ஒன்று அவரிடம் இருந்தது. ரேடியேட்டர் பக்கமுள்ள முதலாவது சிலிண்டரின் துளையில் விரலை வைத்து, டொப் கியரில் வாகனத்தை என்னை மெதுவாகத் தள்ளச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியதும் நிறுத்தி, அந்தப் பழைய பிளக்கை அங்கே முடுக்கினார். பிஸ்டன் மெல்ல ஏறி வந்து போல்ற்றில் முட்டிய இடத்தில், நீளக் கூர்முனைக்கு நேரே புல்லியில் சோக்கால் ஒரு கோடு போட்டார். பின்னோக்கித் தள்ளி, மறுபுறமாக வந்து முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவேதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான இடம். அங்கே கிரீசும் தூசியும் அப்பிக் கிடந்ததைக் குண்டூசியால் சுரண்டியதும் தொழிற்சாலை வெட்டிய பள்ளம் வெளியே வந்தது. அதில் பெயின்ட் ஒரு துளிகூட இல்லை. வெள்ளைக்கோடு அதிலிருந்து 14 மில்லிமீற்றர் தள்ளி, புல்லி சுற்றும் திசையில் பள்ளத்துக்குப் பின்னால் இருந்தது.

நூலால் சுற்றளவை அளந்தோம், 40 சென்றிமீற்றர். 360 பாகைக்கு 400 மில்லிமீற்றர் என்றால் 14 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 12½ பாகை. பள்ளத்துக்குப் பின்னால் வரும் கோடு, பொறி சரியான நேரத்தில் விழுந்தாலும் கூர்முனையை இன்னும் எட்டாமல் நிற்கும். ஆகவே பார்ப்பவருக்கு டைமிங் 12½ பாகை முந்தியிருப்பதாகத் தெரியும். இரண்டாம் நாள் நான் கண்ட காட்சி இதுதான். அந்தப் பொய்க்கோட்டை 3 பாகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது, உண்மையான பொறி பிஸ்டன் உச்சிக்குப் போய், கீழே ஒன்பது பாகைக்கு மேல் இறங்கிய பின்பே விழுந்தது. அவ்வளவு பிந்திப் பற்றிய கலவை, எக்சோஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி சூடாக மாறி ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும் போகிறது. வெப்பம், சோர்வு, பெற்றோல் செலவு மூன்றுக்கும் காரணம் அதுதான்.

செயின் கதையில் இருந்த ஓட்டை அதைவிட எளிது. அது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். மைனரில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, கேம் தண்டை இழுப்பது செயின். செயின் தளர்ந்தால் கேம் தண்டு கிராங்குக்குப் பின்தங்கும், அதனோடு சேர்ந்து பொறியும் பிந்தும். தளர்ந்த செயினால் பொறி முந்திவிட்டது என்று ஒரு கராஜ்காரர் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நம்புகிறார். அவர்கள் செயினை மாற்றவும் இல்லை. அந்த வேலைக்கு ரேடியேட்டரை இறக்கி, புல்லியின் நடுப் பெரிய போல்ற்றைக் கழற்றி, புல்லியை இழுத்தெடுத்து, டைமிங் மூடியைத் திறக்க வேண்டும். அந்தப் போல்ற் அசையாமலிருக்க மடித்துவிடும் பூட்டுத் தகட்டின் மடிப்பின்மேல், வருடக்கணக்கான எண்ணெய்ப் புழுதி கீறலின்றி அப்படியே இருந்தது. டைமிங் மூடியின் ஓரத்தில் புது கெஸ்கட்டின் நிறம் எங்கும் தெரியவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். என்னுடைய பழைய லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், ஏ, ஆர் என்ற எழுத்துகளுக்கிடையே விரலால் திருகி டைமிங்கை நுணுக்கமாக முந்தவோ பிந்தவோ வைக்கும் ஒரு சிறு திருகு இருந்தது. பூட்டப்பட்டிருந்ததில் அது இல்லை. கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பாவித்த சாமான் அது, பஞ்சிகாவத்தையில் இப்படிப்பட்டவை கிடைக்கும். என்ஜின் சுமைக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் வெக்யூம் குழாயை அதில் மாட்டாமல், குழாயின் முனையில் ஒரு மரத் திருகை ஏற்றி டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

புகைப்படங்களோடு கராஜுக்குத் திரும்பிப் போனேன். முதலாளி கோபப்படவில்லை. “நீங்கதானே ஐயா லைட் அடிச்சுப் பார்த்தீங்க” என்று சிரித்தார். பணத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றதில், எறிந்துவிட்டதாகச் சொன்ன என் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் ஒரு சாக்கிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அதன் தண்டில் ஆட்டம் எதுவும் இல்லை என்று அண்ணை சொன்னார். குறை என்று சொன்னால், பொயின்டில் கேமோடு உரசும் குதி தேய்ந்து இடைவெளி பாதியாகியிருந்தது. இடைவெளி குறைந்தால் பொயின்ட் பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். நான் முதலில் சொன்ன குறைகளுக்கெல்லாம் அதுவே போதுமான விளக்கம்.

புதுப் பொயின்டும் கொண்டென்சரும் போட்டு, இடைவெளியை 0.38 மில்லிமீற்றருக்கு வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு மின்முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே 12 வோல்ற் பல்ப் ஒன்றை மாட்டினோம். சுவிட்சைப் போட்டு, வாகனத்தை முன்னோக்கி மட்டும் தள்ளி, உண்மையான பள்ளம் 3 பாகையில் வந்து நிற்க, பல்ப் சட்டென்று எரியும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினோம். பொயின்ட் திறக்கும் கணம்தான் அது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அதை ஒரு பாகை திருப்பினால் டைமிங் இரண்டு பாகை மாறும் என்பதை அண்ணை மூன்று தடவை நினைவூட்டினார், ஏனோ என் கையை அவர் நம்பவில்லை. அதன் பிறகுதான் லைட்டை எடுத்தோம், அதுவும் வெக்யூம் குழாயைக் கழற்றி அடைத்து, ஐட்லிங்கை இறக்கிய பின். 92 ஒக்டேன் பெற்றோலில் தெஹிவளை மேம்பாலத்தை டொப் கியரில், தட்டும் சத்தமில்லாமல் ஏறியது.

வாகனத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தை நீங்களே தேடிச் சுரண்டி, உங்கள் கையால் பெயின்ட் தடவி, புல்லியையும் டைமிங் மூடியின் போல்ற்றுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் எந்தச் சாமானையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டது, செலவைத் தனித்தனியாக எழுதி வாங்குவது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். என் முறைப்பாட்டுடன் அந்த ஒற்றை வரிப் பற்றுச்சீட்டின் பிரதியையும், பள்ளமும் வெள்ளைக்கோடும் நடுவே அடிமட்டமும் ஒன்றாகத் தெரியும் படத்தையும் இணைத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை அழிக்க வேண்டாம் என்று அண்ணை சொன்னதால், அந்த வெள்ளைக்கோடு இன்னும் புல்லியில்தான் இருக்கிறது. உண்மையான பள்ளத்துக்கு நான் சிவப்புத் தடவியிருக்கிறேன்.