நீலம் சேர்க்கும் பறவையின் முன்னால் முக்கால் மணி நேரம்: லாமிங்டன் காட்டின் விடியற்கால நடை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தெற்கே, 1915 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டுவரும் லாமிங்டன் மழைக்காடு உள்ளது. அங்கே விடியற்காலையில் பறவை பார்க்க அழைத்துச் செல்லும் ஒரு சிறு நிறுவனத்தின் மூன்று மணி நேர நடையில் சென்ற அக்டோபரில் கலந்துகொண்டேன். இத்தகைய நடைகளை எத்தனை இனங்களைக் காட்டினார்கள் என்ற கணக்கை வைத்தே பலரும் மதிப்பிடுகிறார்கள். அன்று நாங்கள் கண்ட இனங்கள் இருபதைத் தாண்டவில்லை. ஆயினும் ஒரே ஒரு பறவையின் முன்னால் எங்களை முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தார்கள் என்பதற்காகவே இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

அந்தப் பறவை குடில் பறவை இனங்களில் ஒன்றான சாட்டின் பவர்பேர்ட். கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஈரக்காடுகளில், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்திலிருந்து விக்டோரியா வரை வாழ்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சிறு குழு என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தாலும் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள். பெண்ணைக் கவர ஆண் பறவை சுள்ளிகளால் கட்டும் குடில் தரையோடு தரையாக, முழங்கால் உயரத்தைக்கூட எட்டாமல் இருப்பது. ஒற்றையடிப் பாதையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றால் பின்னால் நிற்பவருக்கு முன்னிருப்பவரின் முதுகுதான் தெரியும். எங்கள் வழிகாட்டி இதை உணர்ந்து, நால்வர் நால்வராகப் பிரித்து, முன்னே இருப்பவர்களைத் தரையில் அமரச்செய்து, இடத்தை முறைவைத்து மாற்றினார். அது அவருடைய சமயோசிதம். நிறுவனத்தின் ஏற்பாட்டில் இருந்திருக்க வேண்டியது.

குடிலைப் பற்றி அவர் விளக்கிய விதம் அருமையானது. நம் ஊர்த் தூக்கணாங்குருவியில் ஆண் பின்னுவது கூடு. பெண் வந்து பார்த்து, பிடித்திருந்தால் அதிலேயே முட்டையிடும். குடில் பறவையின் ஆண் கட்டுவதோ கூடு அன்று. மெல்லிய சுள்ளிகளைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, மேல்நுனிகள் உள்நோக்கி வளையுமாறு இரண்டு சுவர்களை எழுப்பி, நடுவே ஒரு பறவை நிற்கும் அளவுக்குச் சந்து விடுகிறது. அந்தச் சந்து பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைகிறது. வடக்கு வாயிலில் புல்லும் சுள்ளியும் பரப்பிய சிறு முற்றம். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் அந்த முற்றத்தில் வெளிச்சம் நன்றாக விழும். மென்ற தாவரத்துணுக்குகளையோ கரியையோ எச்சிலில் குழைத்துச் சுவர்களின் உட்புறத்தில் ஆண் பறவை பூசுகிறது என்றும், சில சமயம் மரப்பட்டைத் துண்டை அலகில் கவ்விக்கொண்டு பூசுவதும் உண்டு என்றும் அவர் சொன்னபோது, குழுவில் ஒருவர் நம்பாமல் தொலைநோக்கியை மறுபடி எடுத்தார். உட்புறச் சுள்ளிகள் கறுத்திருந்ததை எல்லோருமே பார்த்தோம்.

முற்றத்தில் பரப்பியிருந்த பொருள்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டின. ரோசெல்லா கிளியின் நீல வால் இறகுகள், நீலக் கனிகள், வாடிய மஞ்சள் பூக்கள், நத்தை ஓடுகள், சில்வண்டு உரித்த தோல் ஆகியவற்றோடு நெகிழி மூடிகளும் துணிக் கவ்விகளும் ஒரு பேனா மூடியும் கிடந்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஆய்வாளர்கள் குடிலுக்குள் சிவப்புப் பொருள்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆண் அவற்றை உடனே அகற்ற முனைகிறது. அகற்ற முடியாதபடி பொருத்திய சிவப்பைச் சமாளிப்பதில் திறமை காட்டிய ஆண்களே பெண்களிடம் அதிக வெற்றி பெற்றன என்பது 2009-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. அண்டைக் குடில்களிலிருந்து நீல இறகுகளைத் திருடுவதும், ஆளில்லாத வேளையில் போட்டியாளரின் சுவரைப் பிய்த்தெறிவதும் இவற்றின் அன்றாட வேலை.

ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து குடிலின் உரிமையாளரான ஆண் பறவை வந்தார். முப்பது சென்டிமீட்டர் அளவு, காக்கையைவிடச் சிறியது, மைனாவைவிடப் பருமன். நிழலில் வெறும் கறுப்பாகத் தெரிந்த உடல் வெயில் பட்டதும் கருநீலமாகப் பட்டுப்போல் மின்னியது. அது நீலச் சாயமன்று; இறகின் மேலுள்ள மெல்லிய கெரட்டின் படலமும் அதன் கீழுள்ள கருநிறமியும் சேர்ந்து ஒளியைச் சிதறவைப்பதால் தோன்றும் நிறம். வெளிர் நீலம் கலந்த வெண்மையான அலகு, கத்தரிப்பூ நிறக் கண். இந்தக் கோலம் ஆணுக்கு வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை இளம் ஆண்களும் பெண்களைப் போலவே பாசிப்பச்சை முதுகும், செம்பழுப்புச் சிறகும், வெளிர் வயிற்றில் செதில் செதிலான கருங்கோடுகளும் கொண்டிருக்கும். பல இளசுகள் ஒன்றுகூடி ஒழுங்கற்ற பயிற்சிக் குடில்களைக் கட்டிப் பழகுகின்றன. திரும்பும் வழியில் அப்படி ஒன்றை வழிகாட்டி காட்டினார். ஒரு சுவர் சாய்ந்தும் மறு சுவர் பாதியிலும் நின்றது. எனக்கு அது முழுமையான குடிலைவிட நெருக்கமாகப் பட்டது.

பெண் ஒன்று வந்து சந்துக்குள் நுழைந்த அந்த ஐந்து நிமிடங்களை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ஆண் ஒரு நீல இறகைக் கவ்விக்கொண்டு, உடலைச் சிலிர்த்து, சிறகை வெட்டிவெட்டி விரித்து, இயந்திரம் உறுமுவதுபோல் ஒலியெழுப்பி முற்றத்தின் குறுக்கே ஓடியது. பிறகு சட்டென்று நின்று கூக்கபரா பறவையின் சிரிப்பைப் பிரதி செய்தது. பெண் சற்றே பின்வாங்கியதும் ஆணின் வேகம் குறைந்தது. இந்த இடத்தில் வழிகாட்டி தாழ்ந்த குரலில், கெயில் பாட்ரிசெல்லி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பிட்டார்: பெண் பறவை வடிவில் இயந்திரப் பொம்மை ஒன்றைக் குடிலுக்குள் நிறுத்தி, அது எந்த அளவுக்குப் பதுங்குகிறது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், பெண்ணின் அச்சத்தை அறிந்து ஆட்டத்தின் கடுமையைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஆண்களே இணைசேர்வதில் முந்தின. சரியான நேரத்தில், சரியான அளவில் சொல்லப்பட்ட இந்த ஒரு செய்திக்காகவே கட்டணம் தகும் என்று தோன்றியது. எங்கள் கண்முன் வந்த பெண் இணைசேராமல் பறந்துபோனது. அதில் வியப்பில்லை, பல குடில்களுக்குப் பலமுறை சென்று பார்த்த பிறகே பெண் ஒன்றைத் தேர்கிறது. இணைசேர்ந்த பின் உயரமான மரக்கிளையில் கூடு கட்டுவதும், அடைகாப்பதும், குஞ்சு வளர்ப்பதும் முழுக்கப் பெண்ணின் பொறுப்பே.

இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. நடை முடிந்ததும் தந்த சிற்றுண்டிப் பையில் நீல மூடியிட்ட நெகிழித் தண்ணீர்ப் புட்டி இருந்தது. மூடியின் அடியில் புட்டிக் கழுத்தோடு தங்கிவிடும் வளையத்தைப் பறவை தூக்கிச் சென்றால் அது தலையிலோ கழுத்திலோ மாட்டிக்கொண்டு இரையுண்ண முடியாமல் அதைச் சாகடிக்கக்கூடும். வழிகாட்டி தம் சட்டைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் பன்னிரண்டு புட்டிகளின் வளையங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, தம் பையிலேயே போட்டுக்கொண்டார். அவருடைய அக்கறைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இந்தப் பறவையைக் காட்டிப் பிழைக்கும் நிறுவனம் அந்தப் புட்டியைக் காட்டுக்குள் கொண்டுவருவதே தவறு; தண்ணீர்க் குடுவையை அவரவர் எடுத்துவரச் சொன்னால் போதும். இதை அவர்களுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

செல்ல விரும்புவோர் செப்டம்பர் முதல் ஜனவரிக்குள் போவது நல்லது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் இப்பறவைகள் கூட்டமாகப் பழம் தேடி அலையுமே தவிர, இந்த ஆட்டத்தைக் காண்பது அரிது. மழை பெய்திருந்தால் அட்டைகள் இருக்கும், நீளக் காலுறை அணியுங்கள். அருகிலுள்ள கனங்ரா என்ற சிற்றூரிலிருந்து மேலேறும் சாலை குறுகலும் வளைவுமாக இருப்பதால், இருட்டில் ஏறாமல் முந்தின மாலையே போய்த் தங்கிவிடுங்கள். பதிவு செய்யும்போது எத்தனை இனங்கள் தெரியும் என்று கேட்பதைவிட, குடிலின் முன்னால் எவ்வளவு நேரம் உட்காரவைப்பார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். பத்து நிமிடம் என்று விடை வந்தால் வேறு நாளுக்கோ வேறு வழிகாட்டிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.