கண்ணாடி ஏறலன்னு சொன்னதும் மோட்டாரை மாத்துறவங்ககிட்ட கொஞ்சம் உஷார்

என் பழைய பிக்கப்பில் பக்கத்து சீட் கண்ணாடி ஒரு நாள் இறங்கியது, அப்புறம் ஏறவே இல்லை. அந்த ஒரு கண்ணாடிக்கு இரண்டு முறை பணம் கட்டிவிட்டு, மூன்றாவது முறையும் கட்ட இருந்தேன். கடைசியில் பழுதாக இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு வயர். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது, எங்கே ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் வண்டியை விடும்போதே ஒரு விஷயம் சொன்னேன். "அந்தக் கதவில் இருக்கிற ஸ்விட்சை அமுக்கினா கண்ணாடி இறங்குது, ஏற மாட்டேங்குது. ஓட்டுநர் கதவில் இருக்கிற ஸ்விட்சை அமுக்கினா அதே கண்ணாடி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல." மெக்கானிக் பாதிகூடக் கேட்கவில்லை. ஒரு தடவை ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். "மோட்டார் போச்சு சார். பழைய வண்டி, ஒண்ணொண்ணா இப்படித்தான் போகும்" என்றார். கையில் டெஸ்ட் லாம்ப் இல்லை, மீட்டர் இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புது மோட்டார் போட்டார்கள், கண்ணாடி ஏறியது, நானும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு நாள்தான். மறுபடியும் அதே கதை. இந்த முறை "ரெகுலேட்டர் இறுகிப்போச்சு, அதான் மோட்டார் இழுக்க முடியாம திணறுது" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அந்த ரெகுலேட்டரும் மாறியது. ஒரு வாரம் ஓடியது. மூன்றாம் முறை போனபோது, "வயரிங் செட்டையே மாத்தணும்" என்றார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் பெஞ்சுக்கு அடியில் என் பழைய மோட்டார் கிடந்தது. "அது குப்பைக்குப் போற சாமான் சார்" என்றார்கள். "பரவாயில்லை, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதை நேராக பேட்டரியில் கொடுத்தேன். சுற்றியது. வயர்களை மாற்றிப் பிடித்தேன், எதிர்ப்பக்கம் சுற்றியது. அன்றைக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

பிறகு எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். முதல் நாள் பட்டறையில் நான் சொன்ன அதே இரண்டு வரியை அவரிடமும் சொன்னேன். கதவைத் தொடாமலேயே, "அப்போ மோட்டார் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். விளக்கம் இதுதான். கண்ட்ரோல் யூனிட் எதுவும் இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கு இரண்டே வயர். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். ஸ்விட்சை அமுக்கினால் ஒன்றுக்கு 12 வோல்ட் சப்ளை வரும், மற்றது எர்த்தாகவே நிற்கும். எதிர்ப்பக்கம் அமுக்கினால் இது தலைகீழ். பக்கத்து சீட் மோட்டாருக்கு அந்த எர்த், ஓட்டுநர் கதவில் இருக்கும் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் சுற்றி வருகிறது. மாஸ்டர் ஸ்விட்சிலிருந்து பக்கத்து சீட் கதவின் ஸ்விட்சுக்கு வரும் இரண்டு வயரில் ஒன்று நடுவில் அறுந்தால், பக்கத்து சீட் கதவின் ஸ்விட்சில் ஒரு திசை மட்டும் வேலை செய்யும், மாஸ்டர் ஸ்விட்சில் எதுவுமே வேலை செய்யாது. நான் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். காது கொடுத்துக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கதவுக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் வயர்கள் போகும் ரப்பர் குழாயை அவர் உருவினார். ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேல் உறைக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே செம்பு பச்சை பிடித்து அறுந்திருந்தது. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடங்குவது அந்த இடம்தான். பட்டறையில் வேலை முடிந்ததும் கண்ணாடி ஏறியதற்கும் காரணம் இதுவே. கதவை ஆட்டி ஆட்டி வேலை பார்த்ததில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். புது மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மீட்டரை மட்டும் நம்பியும் ஏமாறலாம் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் மோட்டாரை இழுக்கும் அளவு கரண்ட் அதில் போகாது. அதனால் மோட்டார் கனெக்டரில் ஒரு பல்பை மாட்டி ஸ்விட்சை அமுக்கிப் பார்க்க வேண்டும். பளிச்சென்று எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் மோட்டாரையோ ரெகுலேட்டரையோ சந்தேகப்படலாம். ஸ்விட்சை அமுக்கும்போது உள் விளக்கு லேசாக மங்கினாலும் கரண்ட் போகிறது, ஏதோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம். 'விர்' சத்தம் வந்து கண்ணாடி மட்டும் நகராவிட்டால் அது வேறு நோய். பழைய ஃபோர்டு பிக்கப்புகளில் மோட்டார் கியருக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் பொடியாகி இப்படி ஆவது ரொம்பப் பிரசித்தம். அதற்கும் முழு மோட்டார் தேவையில்லை, அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றலாம்.

பட்டறைக்காரர்கள் செய்த இன்னொரு வேலை மழை வந்தபோதுதான் தெரிந்தது. கதவின் உள்பக்க மூடியான பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். கண்ணாடி வழியாக வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடி ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். அது உள்ளே வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். எனக்குக் கால் வைக்கிற கார்பெட் நனைந்து நாறியது. பேடை மாட்டும் கிளிப்பில் பாதி உடைந்து, மேடு பள்ளத்தில் கதவு கடகடக்கிறது.

அவர்களைப் பார்த்துவிட்டு நீங்களே கழற்ற இறங்கினால் ஒன்று கவனியுங்கள். கத்தரிக்கோல் மாதிரி கை வைத்த ரெகுலேட்டரில் பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். பல் சக்கரத்தை போல்ட் போட்டு அசையாமல் கட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் அந்தக் கை சட்டென்று சுழன்று விரலை எடுத்துவிடும்.

வயரை நண்பர் அரை மணி நேரத்தில் முடித்தார். அறுந்த இடத்திலேயே ஒட்டுப் போடவில்லை. மடங்கும் பகுதி முழுக்க மெல்லிய இழை நிறைய உள்ள புது வயர் போட்டு, சால்டரிங் ஒட்டு இரண்டும் குழாய்க்கு வெளியே வருமாறு வைத்தார். மடிப்பில் ஒட்டு இருந்தால் அங்கேயே மறுபடியும் முறியுமாம்.

பட்டறைக்குப் பழைய மோட்டாரோடு போய், பேட்டரியில் கொடுத்து அவர்கள் கண் முன்னால் சுற்றிக் காட்டினேன். "அப்போ ஓடல சார், இப்போ ஓடுது" என்றார். பணம் திரும்பவில்லை. மோட்டார் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவின் ரப்பர் குழாயையும் உருவிப் பார்த்தேன், அங்கே இரண்டு வயரில் உறை வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.