கெப்பாசிட்டர்: தயிர் பில்லுக்கு ஒரு பிளக்இன்

உலாவிக்காக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் செயலியைக் கைபேசியில் ஏற்றக் கெப்பாசிட்டர் என்ற மென்பொருளைப் பாவிப்போர் பலர். எனக்கு அதில் பிடித்தது பிளக்இன் பகுதிதான்: கைபேசியின் சொந்த வசதிகளை அந்தச் செயலிக்குத் திறந்துவிடும் இணைப்பு நிரல் அது.

கல்முனை முதல் களுவாஞ்சிக்குடி வரை கடைகளுக்கு எருமைத் தயிர் போடும் ஒருவருக்குப் பில் செயலி செய்தேன். அவர் இடுப்பில் கொளுவியிருப்பது 58 மில்லிமீற்றர் புளூடூத் பிரிண்டர். பழைய வகைப் புளூடூத். உலாவிக்குள்ளிருந்து புளூடூத் கருவிகளோடு பேசும் வெப் புளூடூத்துக்கோ குறைந்த மின்சக்தியில் இயங்கும் புதிய வகை மட்டுமே தெரியும். அந்த வழியில் மல்லுக்கட்டிப் பயனில்லை.

கெப்பாசிட்டரில், அண்ட்ரொய்டின் நிரல்மொழியான கோட்லினில் வகுப்பொன்று எழுதி, அதற்கும் வெளியே திறந்துவிட வேண்டிய செயற்கூறுகளுக்கும் மேலே அடையாளக் குறிப்பு இட்டு, வகுப்பைச் செயலியில் பதிவுசெய்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் அதன் விடை சாதாரண புரொமிஸாக, அதாவது வேலை முடிந்ததும் கைக்கு வரும் விடையாக, வந்து நிற்கிறது. இதே வேலைக்கான பழைய கருவி கோர்டோவாவின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்புகளோடு மாரடித்தவர்களுக்கு இந்த நிம்மதி விளங்கும்.

இந்த மலிவுப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. 'கொ' எழுதக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? ஆகவே பில்லை உலாவியின் வரைபலகையான கேன்வாஸில் படமாக வரைந்து, ஒரு புள்ளி வரிக்கு 384 புள்ளிகள், அதாவது 48 பைட் வீதம் அனுப்புகிறேன். ஜாவாஸ்கிரிப்டுக்கும் கோட்லினுக்கும் இடையில் போவது ஜேசன் என்ற எழுத்து வடிவம் என்பதால் பைட்டுகளை பேஸ்64 முறையில் எழுத்துகளாக்க வேண்டும். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். தயிர் பில்லுக்கு அது சுமையே இல்லை. காணொளி போன்ற பெரிய தரவென்றால் கோப்பாக எழுதிவிட்டு, அதன் இருப்பிடத்தை மட்டும் அனுப்புவது உத்தமம்.

குறை ஒன்று உண்டு. அண்ட்ரொய்டில் பிளக்இன் அழைப்புகள் எல்லாம் ஒரே இழையில் (த்ரெட்) வரிசையாக ஓடுகின்றன. பிரிண்டர் ஆறுதலாகத் தாளைத் தள்ளி முடிக்கும்வரை அந்த இழையைப் பிடித்துவைத்தால், கணக்கைச் சேமிக்கும் அழைப்பும் பின்னால் காத்துக் கிடக்கும். அச்சு வேலையைத் தனி இழைக்கு மாற்றுவது எழுதுபவர் பொறுப்பு. அண்ட்ரொய்ட் 12 முதல் புளூடூத் இணைப்புக்குப் பாவனையாளரிடம் தனியாக அனுமதியும் கேட்க வேண்டும்.

ஐபோன்காரர் கேட்டால் இந்த வேலையை நான் எடுப்பதில்லை. அங்கே பழைய புளூடூத்துக்கு ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற பிரிண்டர் வேண்டும். தயிர் வியாபாரியை அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அண்ட்ரொய்ட் போதும், கோட்லினும் கொஞ்சம் தெரியும் என்பவர்கள் தாராளமாக இறங்கலாம். கெப்பாசிட்டர் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.