மூன்று வருடமாக கேட்டில் தொங்கும் தபால் பெட்டி

போன வாரம் மூடியின் கீல் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. பட்டறையில் எண்பது ரூபாய் கொடுத்துப் பற்றவைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது பர்கூர் மச்சான் வந்தார். "மச்சான், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு சொல்லிடவா?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2022 ஆவணியில் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. மாதாமாதம் தபாலில் வரும் பத்திரிகைக்காகத்தான் வாங்கினேன். தபால்காரர் வண்டியை நிறுத்தாமலே கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போவார், அது செம்பருத்தித் தொட்டியில் விழும், இல்லையென்றால் நாய் படுக்கும் சாக்கின் மேல் விழும். ஒரு ஐப்பசி மழையில் பாலிதீன் உறை ஓரம் கிழிந்து தண்ணீர் ஏறி, பக்கமெல்லாம் ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. பிரித்தால் ஒரு பக்கத்து எழுத்து எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது.

புகார் கொடுக்கப் போனேன். சாதாரணத் தபாலுக்கு நம்பரே இல்லையே, எதை வைத்துத் தேடுவார்கள்? 1898 சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூனில் அமலுக்கு வந்த புதிய தபால் சட்டத்திலும், விதியில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய சேதத்துக்குத் துறை பொறுப்பில்லை. பதிவுத்தபாலில் அனுப்பச் சொல்லலாம் என்றால் அதையும் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நாற்பது ரூபாய் இதழுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா?

சரி, பெட்டி எப்படி? தங்கம். மேல் தகடு சரிவாக இருப்பதால் மூன்று மழைக்காலத்திலும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கறுப்பு பெயிண்ட் அடித்தது மட்டும் என் முட்டாள்தனம், சித்திரை வெயிலில் உள்ளே கை விட்டால் சுடும், உறைப் பசை இளகிக் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

என் ஆத்திரம் வேறு. வாய் பத்து அங்குலம், பத்திரிகை படுத்த வாக்கில் தாராளமாக நுழையும், அளந்துதான் வைத்தேன். ஆனாலும் மனுஷன் அதை நான்காக மடித்துத்தான் சொருகுவார். அட்டையின் நடுவே சிலுவை போட்ட மாதிரி ஒரு மடிப்பு, எந்தப் புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினாலும் போகாது. கேட்டில் "மடிக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினேன். இரண்டு மாதம் மடிக்கவில்லை. அப்புறம் சுருட்டிச் சொருக ஆரம்பித்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, இரண்டு பேர் ஏரியாவை ஒருவராகச் சுற்றுகிறார், கைப்பிடியில் மாட்டிய பைக்குள் அது ஏற்கெனவே மடிந்துதான் கிடக்கிறது.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெருவில் பெட்டி இருப்பது என் வீட்டில் மட்டும்தான். கதவு பூட்டியிருக்கும் வீடுகளின் பாலிசி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கடிதம் எல்லாம் இப்போது என் பெட்டியில்தான் விழுகிறது. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிறேன். எதிர்வீட்டு ஆயா "தபால்காரரே" என்றே கூப்பிடுகிறார், பதிலுக்கு அவ்வப்போது மாம்பழம் வருகிறது. மாங்காய் ஊரில் அது பெரிய சம்பளமில்லை, ஆனாலும் கசக்கவில்லை.

மச்சானிடம் வாங்கவே வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரை வாங்கச் சொல்லுங்கள்.