கிளிமீனுக்கு நாலடித் தொட்டி போதாது

பாம்பனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். போன ஆவணியில் மதுரையில் ஒரு மீன் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து அதற்குள் விட ஒரு கிளிமீன் குஞ்சு வாங்கினேன். இதே ஆசையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் நல்லது என்றால் பேக்கிங். இரட்டைப் பை, ஆக்சிஜன், தெர்மாகோல் பெட்டி. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்தும் மீன் துடிப்பாக இருந்தது. நாலங்குல நீளம், பழுப்பு உடம்பு, மங்கலான வெள்ளைக் கோடுகள். “பாசியெல்லாம் தின்னுடும் சார், கல்லு பளிச்சுனு இருக்கும். தொட்டி அளவுக்குத்தான் வளரும்” என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன்.

இந்த மீன் மேல் எனக்கு ஆசை வந்தது அப்பாவால். சின்ன வயதில் வள்ளத்தில் கூட்டிப் போவார். பாருக்கு, அதாவது கடலடிப் பவளப்பாறைத் திட்டுக்கு, மேலே நங்கூரம் போட்டதும் தண்ணீருக்குள் தலையை முக்கினால் கறக் கறக் என்று சத்தம் கேட்கும். “கிளிமீன் பாரைக் கடிக்குதுடா” என்பார். பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிளிமூக்கு மாதிரி ஆனதால்தான் அந்தப் பெயர். கடித்த கல்லைத் தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு ஜோடிப் பல் மாவாக அரைக்கும். கல்லின் மேலும் உள்ளும் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடு. மிச்சமெல்லாம் வெள்ளை மணலாக வெளியே வரும். இரைப்பை கிடையாது, அதனால் பகல் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பசிபிக் பக்கம் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் ஒன்று உண்டு. அது ஒன்றே ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பவளக்கல்லைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

என் தொட்டியில் இருப்பது சிமென்ட்டில் செய்த செயற்கைக் கல். நம் பக்கத்துக் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பவளக்கல் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எடுக்கவும் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் கிளிமீனுக்கு அந்த சிமென்ட் கல் வெறும் சுவர். உள்ளே ஒன்றும் இல்லை. மேலே படிந்திருந்த பாசியை ஐந்தே நாளில் வழித்துவிட்டது. கல் பளிச்சென்று ஆனது உண்மைதான். அப்புறம் சாப்பிட எதுவும் இல்லை.

ஆறாம் நாளிலிருந்து கல்லையே கடிக்க ஆரம்பித்தது. தொட்டியில் நான் வளர்த்த பவள உயிர்களில் ஒன்றான பட்டன் பாலிப் ஒட்டியிருந்த இடங்களைப் பெயர்த்துப் போட்டது. காளான் பவளம் இரண்டு தரையில் கவிழ்ந்து கிடந்தன. வெள்ளைத் தூள் ஃபில்டர் பஞ்சில் அடைத்து, வாரம் ஒருமுறை கழுவிய பஞ்சைத் தினமும் கழுவும்படி ஆயிற்று. ஒரு ராத்திரி மகள் ஓடி வந்து, “அப்பா, மீன் பாலிதீன் பைக்குள்ள மாட்டிக்கிச்சு” என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால், தன் வாயிலிருந்து சுரந்த வழவழப்பான கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கிளிமீன்களில் சில வகைகள் அப்படித்தான் தூங்கும். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவ்வளவு அழகு.

தீனிக்கு நான் அலையாத இடமில்லை. சின்னப்பாலத்து அக்கா ஒருவர் கரையில் ஒதுங்கிய கஞ்சிப்பாசி கொடுத்தார். நன்றாகக் கழுவிக் கல்லில் கட்டிவிட்டால் காலையில் தின்னும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நான் வேலைக்குப் போகிற ஆள், மணிக்கு ஒருமுறை வந்து கட்ட முடியாது. நாலாவது வாரம் வயிறு ஒட்டிப்போனது. கடைக்குப் போன் செய்து திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். கடலில் விடலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கே பிடித்தது, என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று தெரியாத மீனைக் கொண்டுபோய் நம் பாரில் விட மனம் வரவில்லை. 47ஆம் நாள் செத்துப்போனது. தப்பு என்னுடையதும்தான், இன்னும் வருத்தமாக இருக்கிறது.

தொட்டி அளவுக்கு வளரும் என்பது பொய். நம் கடலில் இருக்கும் நீலக்கோட்டுக் கிளிமீன் இரண்டடியைத் தாண்டும். ஒன்றரை அடி அகலத்தில் அது திரும்பக்கூட முடியாது. கிளாத்தி, பேத்தை மாதிரி கடித்து நொறுக்கும் மீன்களும் பவளத் தொட்டிக்கு வேண்டாம். நத்தையும் நண்டும் மிஞ்சாது.

இப்போது என் தொட்டியில் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டு இருக்கின்றன. பாசிக்கு டர்போ நத்தை நாலு. கல் சுத்தமாகத்தான் இருக்கிறது. நத்தை வாங்கவும் அதே கடைக்குத்தான் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், கடைக்காரர் தலையாட்டினார். போன மாதம் போனபோது இரண்டடித் தொட்டி ஒன்றில் மூன்று கிளிமீன் குஞ்சுகள், ‘பாசி தின்னும் மீன்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வேண்டுமா, பம்ப் வேண்டுமா, அங்கே வாங்குங்கள், நல்ல சரக்கு. அந்த மீனை மட்டும் வாங்காதீர்கள்.