கொப்பர்நிக்கஸ் கடல் சேவை: இலங்கைக்குத் தெற்கே எவ்வளவு நம்பலாம்?

இது நீரோட்டம் போன்ற கடல் நிலைமைகளின் கணினி முன்கணிப்பைத் தரும் ஐரோப்பிய ஒன்றியச் சேவை. பதிவு செய்தால் போதும், காசில்லை. 10 நாள் முன்கணிப்பு தினமும் புதுப்பிக்கப்படுகிறது. கொழும்பிலிருந்து தரவை இறக்கும்போது முழு இந்து சமுத்திரத்தையும் எடுக்காதீர்கள். வடக்கு 4–8, கிழக்கு 78–84 பாகை போதும், கோப்பு சிறிதாகும்.

தென்மேற்குப் பருவத்தில், இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குக் கீழே கிழக்கு நோக்கிப் பாயும் நீரோட்டமும், அது வங்காள விரிகுடாப் பக்கம் திரும்புவதும் தெளிவாகவே தெரிகின்றன. சிக்கல் ஓட்டத்தின் விளிம்பில். அங்கே சில கிலோமீற்றருக்குள் வேகம் சட்டென்று குறையும். அந்த வேறுபாட்டால் ஓட்டம் நெளிந்து, சுழிகளாக உடையும். சேவையின் கணினி மாதிரி கடலைப் பிரிக்கும் கட்டமோ 1/12 பாகை, ஏறக்குறைய 9 கி.மீ. பெரிய சுழி வரும், சிறியது மழுங்கிப்போகும். வரைபடம் வழவழப்பாக இருந்தால் கடலும் அப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம்!

மேல்நீரும் கீழ்நீரும் கலக்குமா என்று அறிய ரிச்சர்ட்சன் எண்ணைக் கணிக்கலாம்: இலேசான நீர் மேலும் கனமான நீர் கீழுமாக நிற்கும் அடர்த்தி அடுக்கின் வலிமையை, ஆழத்தோடு மாறும் வேகச் சரிவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 0.25க்குக் கீழே போனால் அடுக்கு குலைய வாய்ப்புண்டு. நாள் சராசரிக் கோப்பில் சரிவு தணிந்து எண் கூடுதலாக வரும். 6 மணித்தியாலக் கோப்பே சரி. மாதிரியின் 50 ஆழ மட்டங்களில் 22 மேல் 100 மீற்றருக்குள் இருப்பது பெரிய அனுகூலம்.

பல நாள் படகின் நகர்வைக் கணிப்பவர்கள் வற்றுப்பெருக்கும், அலைகள் நீரைத் தள்ளும் நகர்வும் சேர்ந்த மணித்தியாலக் கோப்பை எடுக்கவும். செக்கனுக்கு 1 மீற்றர் என்பது 1.94 நொட் (மணிக்குக் கடல் மைல்).